நின்ற இடத்தில் டீசல் குடித்த மாமனார்

1. பூரிக்கு நடுவே வந்த போன்

"டில்லி, மாமனாரு மூணுதான் குடுக்கறாரு. நாலு குடுத்துக்கினு இருந்தவரு மூணு குடுத்தா மிச்ச டீசல் எங்க போச்சு? நீ குடிச்சியா, அவன் குடிச்சானா?"

காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்து, முதல் பூரியைக் கிழங்கில் தோய்த்த நேரத்தில் இந்தப் போன். பேசியது எங்கள் முதலாளி கோமளாம்மா. ஆரம்பாக்கத்துக்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டி யார்டு போட்டு எட்டு லாரிகளை ஒற்றை ஆளாக மேய்ப்பவர். அவருக்குக் கோபம் ஏறிவிட்டால் எதிரில் இருப்பவரின் பெயர் மறந்துபோய் எல்லாரும் 'நைனா' ஆகிவிடுவார்கள். அன்று இன்னும் 'டில்லி'யில்தான் இருந்தார். பரவாயில்லை, கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று அடுத்த வாய் எடுத்தேன்.

"இன்னா நைனா, பதிலே காணோம்?"

பூரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மாமனார் யார் என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் முதல் லாரி. பத்துச் சக்கரம், ஆறு சிலிண்டர். காலையில் எழுந்தால் இருமும், புகை விடும், நேரத்துக்கு எண்ணெய் கேட்கும். யாராவது அவசரப்படுத்தினால் அன்றைக்குப் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இருந்தாலும் மரியாதையைக் குறைக்க முடியாது. அதனால் ஷெட்டில் அதற்குப் பெயர் மாமனார். என் சொந்த மாமனார் புத்தகம் படிக்கிற வழக்கம் இல்லாதவர் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

லோடோடு போய்க் காலியாகத் திரும்புகிற ஓட்டத்தில் மாமனார் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தவர். வேலூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தவரைத் துறைமுகத்திலிருந்து பழைய இரும்பு ஏற்றி வந்து சிப்காட்டில் ஓர் உருக்காலையில் இறக்குகிற வேலைக்கு மாற்றினார்கள். அதிலிருந்து இரண்டு மாதமாக மைலேஜ் இறங்கி இறங்கி மூன்றுக்கு வந்து நின்றது.

நான் அந்த எட்டு லாரிக்கும் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ். அப்படித்தான் சட்டைப் பையில் எழுதியிருக்கும். உள்ளபடி சொன்னால் என் வேலை பதறுவது. பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வியர்க்கும். எனக்குக் கை தானாகப் போய் ஸ்பானரை எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் எது இருக்கிறதோ அதைக் கழற்றிவிடுவேன். வீட்டில் கரண்ட் பில் கூடுதலாக வந்ததென்று மிக்ஸியைக் கழற்றியவன் நான். என் மனைவி இப்போது அம்மியில்தான் அரைக்கிறாள்.

அன்றைக்கும் பூரியை அப்படியே விட்டுவிட்டு யார்டுக்கு ஓடினேன். கையில் ஸ்பானர் எப்போது வந்தது என்று நினைவில்லை.

2. மூன்று முறை கண்டுபிடித்தேன்

மைலேஜ் கம்ப்ளெயின்ட் வந்தால் பார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு கையால் தொடுவது, கடைசியில்தான் கழற்றுவது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லித் தருகிற வரிசைதான். அன்றைக்கு நான் நேராகக் கடைசியிலிருந்து தொடங்கினேன்.

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். உருக்காலைப் பக்கம் ஓடுகிற வண்டியின் ஃபில்டரிலிருந்து கொட்டுகிற செந்தூளில் ஒரு வீட்டுக்குத் தரையே பூசலாம். காற்று போகாத எஞ்சின் டீசலை முழுசாக எரிக்காது, புகையாகத்தான் விடும். "கண்டுபுடிச்சிட்டேன்!" என்று கத்திக்கொண்டே புது ஃபில்டர் போட்டேன்.

மாமனாரின் டிரைவர் சாலமன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கவரைப்பேட்டைப் பக்கத்து ஆள். அவன் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவன்தான் அந்தக் குடும்பத்தில் முதலில் ஸ்டியரிங் பிடித்தவன். அதிகம் பேசமாட்டான். பேசினால் ஊசி மாதிரி ஒன்று இறங்கும்.

அடுத்த டேங்க் டீசல் தீர்ந்ததும் கணக்குப் பார்த்தோம். மூன்று.

நாசில்களைக் கழற்றிப் பொன்னேரியில் டீசல் பம்ப் பழுதுபார்க்கிற கடைக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாசில், டீசலைப் பனி மாதிரி தூவுவதற்குப் பதில் குழாய் மாதிரி சொட்டிக்கொண்டிருந்தன. "கண்டுபுடிச்சிட்டேன்!" புது நாசில் போட்டோம். புகை குறைந்தது, இருமல் குறைந்தது. மைலேஜ் மூன்று.

பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சக்கரத்தின் நடு ஹப்பில் கை வைத்துப் பார்த்தேன். பிரேக் உரசினால் ஹப் சுடும், அதுதான் அடையாளம். பதற்றத்தில் சைலன்சர் குழாயில் கை வைத்துவிட்டேன். சுட்டது. "கண்டு..." என்று ஆரம்பித்தவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். ஹப் எல்லாம் ஜில்லென்று இருந்ததைச் சாலமன்தான் தொட்டுப் பார்த்துச் சொன்னான்.

பிறகு தெர்மோஸ்டாட். முன்பு எந்தப் புண்ணியவானோ எஞ்சின் சூடேறுகிறதென்று அதைக் கழற்றி வீசிவிட்டிருந்தார். அது இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், டீசல் கூடுதலாகப் போகும். "கண்டுபுடிச்சிட்டேன்! இந்தத் தடவை நிஜமாவே!" என்றேன்.

"அண்ணா, மூணு தடவ கண்டுபுடிச்சிட்டீங்க. இன்னும் எத்தினி பாக்கி கீது?" என்றான் சாலமன்.

புதுசு போட்டதும் மைலேஜ் மூன்றேகால் ஆனது. அந்தக் காலுக்காக நான் ஷெட்டில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த டேங்கில் அது மறுபடி மூன்றுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

3. வண்டி நல்லா கீது, அப்ப யாரு?

கடைசி ஆயுதம் கேன் டெஸ்ட். டேங்கிலிருந்து வருகிற லைனை அடைத்துவிட்டு, அளவு போட்ட ஒரு கேனிலிருந்து எஞ்சினுக்கு நேராக டீசல் கொடுப்பது. இவ்வளவு டீசலில் இவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். கேனைக் கேபினுக்குள் கட்டி, குழந்தையைப் போல நான் அணைத்துக்கொள்ள, சாலமன் ஓட்ட, காலி வண்டியாக ஆரம்பாக்கம் வரை போய்த் திரும்பினோம்.

கேனைப் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தேன். லிட்டருக்கு ஐந்து! காலி வண்டிக்கு ஐந்தென்றால் புது மாப்பிள்ளை மைலேஜ். வண்டியில் எந்தக் குறையும் இல்லை. சந்தோஷத்தில் சாலமனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, அங்கேயே போனைப் போட்டேன்.

"அம்மா! மாமனாரு சூப்பரா கீறாரும்மா! அஞ்சு! கேன் வச்சே பாத்துட்டேன். வண்டில ஒரு குறையும் இல்ல!"

"வண்டி நல்லா கீது, அப்டித்தானே?"

"ஆமாம்மா!"

"நீ கூட ஒக்காந்தா அஞ்சு வருது. அவன் தனியா போனா மூணு வருது."

"ஆமா..."

"அப்ப கெட்டுப்போனது வண்டியில்ல. வண்டிய ஓட்றவன்."

போனைக் காதிலிருந்து எடுக்கவே தோன்றவில்லை. பக்கத்தில் சாலமன் கேனைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறான், நல்ல சேதி சொல்கிறேன் என்று நினைத்து. இத்தனை நாள் நான் ஒவ்வொரு குறையாகச் சரிசெய்தபோது, அவன் பக்கம் சாட்சி சொல்ல இருந்த ஒவ்வொன்றையும் நானே அனுப்பிவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியாக மிச்சம் நின்றவன் அவன்தான்.

மறுநாள் காலை கோமளாம்மா யார்டுக்கு வந்தார். டிரைவர்கள் எல்லாரும் இருந்தார்கள். கையில் போன், போனில் ஜிபிஎஸ் படம்.

"இதப் பாரு நைனா," என்று சாலமனிடம் நீட்டினார். "தெனம் உருக்கு மில்லு கேட்டாண்ட மணிக்கணக்கா ஒரே எடத்துல நிக்குது வண்டி. அங்க இன்னா பண்றே? ட்யூப் போட்டு உறிஞ்சறியா?"

"லைன்ல நிக்கறேம்மா. அன்லோடுக்கு."

"எல்லாரும்தான் லைன்ல நிக்கறான். எல்லார் வண்டியுமா மூணு குடுக்குது? சனிக்கெழம வரிக்கும் பாப்பேன். அதுக்குள்ள நேராவல, சாவிய வச்சிட்டுப் போய்க்கினே இரு. டீசல் எடுக்கறவன் என் வண்டில வேணாம்."

மற்ற டிரைவர்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள், ஒருவர் இருமினார். எங்கள் தொழிலில் 'டீசல் கேஸ்' என்று ஒருவன் மேல் ஒட்டிவிட்டால் சிப்காட்டிலிருந்து மீஞ்சூர் வரை எந்த யார்டிலும் அவனுக்குச் சாவி கொடுக்க மாட்டார்கள். வேலை போனால் வேறு வேலை பார்க்கலாம். அந்தப் பெயர் ஒட்டிவிட்டால் லாரித் தொழிலே அவனுக்கு இல்லை.

அன்று மத்தியானம் நான் ஷெட்டில் இருந்த டேபிள் ஃபேனைக் கழற்றிவிட்டேன். அதற்கு ஒரு குறையும் இல்லை.

4. தலையில் துண்டு

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் சந்தேகம் வந்தது. கேன் பொய் சொல்லாது. வண்டி நன்றாக இருந்தால் டீசல் எங்கேயோ போகத்தானே வேண்டும்? ஒருவேளை எடுக்கிறானோ? கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பான். ஆனால் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அதனால் துப்பறிவது என்று முடிவுசெய்தேன்.

உருக்காலை கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, முகத்துக்கு நேரே தினத்தாளைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சுட்டெரிக்கிற வெயிலில் குளிர்காலக் காவலாளி மாதிரி ஒரு மனுஷன். கேட்டிலிருந்து ரோடு வரை லாரி லாரியாக வரிசை. நடுவில் மாமனார், பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு. பேப்பரில் விரலால் ஓட்டை போட்டு அதன் வழியாக டீசல் டேங்கையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். துள்ளி எழுந்தேன். சாலமன். கையில் இரண்டு டீ.

"அண்ணா, ஏன் வெயில்ல காயறீங்க? கேபின்ல வந்து ஒக்காருங்க."

"நானா? நான் சும்மா... பேப்பர் படிச்சிக்கினு..."

"தலைகீழாவா படிக்கறீங்க?"

பேப்பரைத் திருப்பினேன். அதற்கு இனிமேல் என்ன பயன்? டீயை வாங்கிக்கொண்டு அவன் பின்னாலேயே போனேன். கேபினில் ஏறி உட்கார்ந்த பிறகு அவன் முகத்தைத் திருப்பாமலேயே சொன்னான்.

"நீங்களும் நான் எடுக்கறேன்னுதான் நெனச்சீங்க இல்ல?"

"இல்லடா."

"பரவால்லண்ணா. டேங்கத்தானே பாத்தீங்க. என்னப் பாத்திருந்தீங்கன்னா கஷ்டமா இருந்திருக்கும்."

சொன்னேனே, ஊசி மாதிரி.

5. நான் ஏன் கத்துகிறேன்?

உட்கார்ந்தோம். வரிசை நகரவில்லை. பேச ஆரம்பித்தோம். அவனுடைய மச்சான் கல்யாணம், பழவேற்காட்டு மீன், என் மிக்ஸி, எல்லாம் பேசினோம். அவன் ஒன்று சொல்வான், "இன்னா?" என்று நான் கேட்பேன், அவன் மறுபடி கத்துவான், நானும் கத்துவேன். மிக்ஸிக் கதையில் சிரிக்க வேண்டிய இடம் வந்தபோது எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அப்போதுதான் தோன்றியது. பக்கத்து சீட்டில் இருக்கிறவனிடம் நான் ஏன் சந்தையில் கூவுகிற மாதிரி கத்திக்கொண்டிருக்கிறேன்?

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஏறியதிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடையிலிருந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். சுற்றிலும் லாரிகளின் இரைச்சலில் அது தனியாகக் கேட்கவில்லை. வண்டி ஓர் அங்குலம்கூட நகராமல், ஆறு சிலிண்டரும் வேலை செய்துகொண்டிருந்தன.

"சாலமா, ஏன்டா எஞ்சின ஆஃப் பண்ணல?"

"பண்ண மாட்டேண்ணா."

"எப்பவுமா?"

"லைன்ல நின்னா எப்பவும் ஓட்டிக்கினுதான் இருப்பேன். ஐடில்ல இன்னா, ஒரு டம்ளர் டீசல் போவுமா? செல்ஃப் அடிச்சி அடிச்சி ஸ்டார்ட் பண்ணாத்தான் ஜாஸ்தி குடிக்கும்."

இதை நம்பாத பழைய டிரைவர் எங்கள் பக்கத்தில் குறைவு. செல்ஃப் போட்டால்தான் டீசல் போகும், சும்மா ஓடுகிற எஞ்சின் சும்மாதான் ஓடுகிறது என்பார்கள். ஆனால் மணிக்கணக்கில் நிற்கிற லைனில் அவர்களும் நிறுத்திவிடுவார்கள்.

"சரி, இப்ப ஆஃப் பண்ணு."

"ஐயோ, வேணாண்ணா."

"பண்றா!"

"அண்ணா, சொன்னா கேளுங்க. லோடு இருக்கசொல்ல ஆஃப் பண்ணா பிரேக்குக்குப் போற ஏர் எறங்கிடும். அப்புறம் வண்டி நவராது. லைன் போயிடும்."

நான் கேபினிலேயே எழுந்து நின்றேன், தலை மேலே இடித்தது. "ஏர் எறங்குதா? எனக்கு ஏன்டா சொல்லல?"

"லோடு எறக்கிட்டா சரியாயிடுதே. கம்ப்ளெயின்ட் சொன்னா வண்டிய ஷெட்ல போட்டுக் கழட்டிப் பரப்புவீங்க. எனக்கு ட்ரிப்பு போவும். ஓடற வண்டிக்கு எவன்ணா கம்ப்ளெயின்ட் சொல்வான்?"

அதில் பொய்யே இல்லை. டிரைவருக்கு ட்ரிப் கணக்கில்தான் கூலி. ஓட்டத்தை நிறுத்தாத குறையை யாரும் ஷெட்டில் சொல்வதில்லை. அதிலும் என் ஷெட்டில், என் கையில் ஸ்பானரைப் பார்த்த பிறகு, சொல்லவே மாட்டார்கள்.

"ஆஃப் பண்ணு. லைன் போனா போவட்டும்."

சிலுவை போட்டுக்கொண்டு ஆஃப் செய்தான்.

6. கேட்டை அடைத்த சந்தோஷம்

எஞ்சின் நின்றதும் கேபினுக்குள் அப்படி ஓர் அமைதி. இருவரும் டேஷ்போர்டில் ஏர் கேஜைப் பார்த்தோம். முள் இறங்கியது. முதலில் மெதுவாக, பிறகு மாடிப்படி இறங்குகிறவன் மாதிரி ஒரே சீராக. பின்னால் எங்கேயோ மெல்லிதாக ஒரு 'ஸ்ஸ்ஸ்'. முள் பாதிக்குக் கீழே வந்ததும் பின்சக்கரத்தில் 'தப்' என்றது. காற்று போனால் ஸ்பிரிங் பிரேக் தானே போய்ப் பிடித்துக்கொள்ளும். வண்டி இப்போது ஓர் இரும்பு மலை.

அந்த நேரம் பார்த்து முன்னால் இருந்த லாரி நகர்ந்தது.

இரண்டு மாதமாக அரை நாள் நகராத வரிசை, நாங்கள் ஆஃப் செய்த நிமிஷத்தில் நகர்ந்தது! சாலமன் ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுத்தான். எஞ்சின் ஓடித்தான் காற்று ஏற வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். பின்னால் ஹாரன். அதற்குப் பின்னால் இன்னும் ஹாரன்கள். நெல்லூர்ப் பதிவெண் போட்ட லாரியின் டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஏமய்யா, தூங்கிட்டியா?"

"ஏர் எறங்கிடுச்சி அண்ணா!" என்று சாலமன் கைகூப்பினான்.

நான் அதற்குள் கீழே இறங்கிவிட்டேன். டீக்கடைக்கு ஓடி, பாத்திரம் கழுவுகிற சோப்பு நீரைக் கேட்காமலேயே ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு வந்தேன். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தேன். பதற்றத்திலும் அதை மட்டும் மறக்கவில்லை. தம்பிகளே, நீங்களும் மறக்காதீர்கள். அப்புறம் வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

பின் ஆக்சிலின் பிரேக்குக்குப் போகிற ரப்பர் ஹோஸ். அதன் கழுத்தில் சோப்பு நீரை விட்டேன். பந்து பந்தாக நுரை!

எல்லாம் விளங்கிவிட்டது. லோடு ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், ஹோஸ் மடங்கும், அதன் கழுத்தில் இருந்த வெடிப்பு வாயைத் திறக்கும். லோடு இறங்கினால் ஹோஸ் நிமிரும், வெடிப்பு வாயை மூடிக்கொள்ளும். ஷெட்டில் நான் பார்த்ததெல்லாம் காலி வண்டி. ஆரம்பாக்கம் போனது காலி வண்டி. போதாக்குறைக்கு அன்றைக்கு வழியில் எங்கேயும் எஞ்சினை நிறுத்தவே இல்லை. ஓட்டை இருந்தது பிரேக்கில். அதற்குப் பயந்து எஞ்சினை நிறுத்தாததால் டீசல் போயிற்று. நான் தேடியதெல்லாம் டீசல் போகிற வழியில்தான், டீசலுக்குக் காரணம் அந்த வழியிலேயே இல்லை.

வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தேன். வெளியே ஹாரன் சத்தம் கல்யாண மேளம் மாதிரி கேட்டது. ஊர்ந்து வெளியே வந்து, சட்டை முழுக்க கிரீஸும் சோப்பு நுரையுமாகச் சாலமனைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். வாட்ச்மேன் தடியோடு ஓடிவந்தார்.

"யோவ், கேட்ட அடச்சினு டான்ஸா ஆட்றே? வண்டிய எடு!"

"லீக்கு கெடச்சிடுச்சி சார்!"

"லீக்கு கெடச்சா ஒர்க் ஷாப்புல போய் ஆடு! இங்க ஏன்யா உயிர வாங்கறே?"

போன் அடித்தது. கோமளாம்மா. மில்லிலிருந்து அதற்குள் அவருக்குப் புகார் போய்விட்டது.

"இன்னா நைனா, நம்ம வண்டி கேட்ட அடச்சினு கீதாமே?"

"அம்மா, கையும் களவுமா புடிச்சிட்டேன்!"

"அவன்தானா?" குரல் இறங்கிவிட்டது. "நான் சொன்னேன் இல்ல."

"அவன் இல்லம்மா! ஹோஸு! பின் ஆக்சில் ஏர் ஹோஸு! அதுல காத்து போவுது!"

"காத்து போனா டீசல் எப்டிறா கொறையும்? குடிச்சிருக்கியா?"

போனில் புரியவைக்க முடியவில்லை. அதற்குள் ஏழெட்டு லாரிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டிருந்தன. காற்று ஏறியதும் சாலமன் வண்டியை மெல்ல நகர்த்தினான்.

"லைன் போச்சிண்ணா," என்றான். ஆனால் அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

7. நகராத வண்டியின் கேன்

புது ஹோஸ் போடுவது சின்ன வேலை. கோமளாம்மாவை நம்பவைப்பதுதான் பெரிய வேலை. வெள்ளிக்கிழமை அவரை யார்டுக்கு வரச் சொன்னேன். மாமனாரை நடுவில் நிறுத்தி, கேனை மாட்டி, அளவுக்கோட்டுக்கு டீசல் ஊற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கியர் போடாமல் சும்மா விட்டேன். ஒரு நாற்காலி போட்டு அவரைக் கேனுக்கு எதிரில் உட்கார வைத்தேன்.

"இன்னா பாக்கணும்?"

"கேனத்தாம்மா பாக்கணும்."

சிறிது நேரம் பார்த்தார். போன் பேசினார். மறுபடி பார்த்தார். டீ குடித்தார். மறுபடி கேன் பக்கம் திரும்பியபோது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். டீசல் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அப்புறம் போனைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரம் ஆனபோது ஒன்றரை லிட்டருக்கு மேல் போயிருந்தது. சக்கரம் அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை.

"நின்ன எடத்துல இவ்ளோவா?"

"லைன்ல நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் நிக்குதும்மா. கிலோமீட்டர் ஏறாது, டீசல் மட்டும் எறங்கும். மைலேஜ் மூணு வராம இன்னா வரும்? ஜிபிஎஸ்ல வண்டி நிக்குதுன்னு மட்டுந்தான் தெரியும். நின்ன வண்டில எஞ்சின் ஓடுதான்னு தெரியறதுக்கு ஒரு ஒயர் குடுக்கணும். நம்ம வண்டில அத குடுக்கல."

கேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆபீஸ் அறைக்குள் போய்ச் சாலமனைக் கூப்பிடச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன்.

"சாலமா, நீ எடுக்கல. தெரிஞ்சிபோச்சி. திங்கக்கெழமலேர்ந்து வண்டி எடு."

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. சாலமன் நகரவில்லை.

"அம்மா, எடுக்கறேன்னு சொன்னப்ப எல்லா டிரைவரும் இருந்தாங்க. எடுக்கலன்னு சொல்றப்ப டில்லி அண்ணா மட்டும் கீறாரு."

பதற்றம் தலைக்கு ஏறியது. 'டேய், வேலை மிஞ்சினதே பெரிசு, வாயை மூடு' என்று கண்ணாலேயே அவனுக்குச் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் கட்டியிருந்த என் கை கதவின் தாழ்ப்பாள் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தது.

கோமளாம்மா மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "போ," என்றார். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் திங்கட்கிழமை வேலை இருக்காது என்றே நினைத்தேன். அன்றிரவு வீட்டில் நான் எதையும் கழற்றவில்லை. கழற்ற எதுவும் மிச்சமில்லை.

திங்கட்கிழமை டிரைவர்கள் எல்லாரும் டீயோடு நிற்கிற நேரத்தில் அவர் வந்தார். காரிலிருந்து இறங்கி, நேராக நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. சாலமன் டீசல் எடுக்கல. வண்டில ஏர் லீக்கு. பாக்காம கொள்ளாம நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்."

யாரும் டீயைக் குடிக்கவில்லை.

"இனிமே எவனாவது அவன அந்தப் பேரு சொல்லிக் கூப்ட்டீங்கன்னா, சாவிய என் டேபிள்ல வச்சிட்டுப் போயிடணும்."

சாலமன் தலையை ஆட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் போனான். அன்று மில் வரிசையில் அவன் எஞ்சினை நிறுத்தியதும், வண்டி மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து இரண்டு டிரைவர்கள் தள்ளுவதற்கு ஓடிவந்தார்களாம். அந்த டேங்க் தீர்ந்தபோது மைலேஜ் நாலைத் தாண்டியிருந்தது. நான் எதுவும் கத்தவில்லை. சாலமன்தான், "கண்டுபுடிச்சிட்டோம்னு கத்துங்கண்ணா, இப்பதான் கத்தணும்," என்றான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஏர் ஃபில்டர், நாசில், தெர்மோஸ்டாட் எல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. நாம் "வண்டி நல்லா இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், கேட்கிறவர் காதில் "ஓட்டுகிறவன் கெட்டவன்" என்று விழலாம். அதனால் எதைப் பார்த்தோம் என்பதோடு, எதைப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படிப் பார்த்தோம் என்பதையும். காலியாகவா, லோடோடா? ஓடும்போதா, நிற்கும்போதா?

இப்போதும் கோமளாம்மா போன் செய்து, "டில்லி, அந்த வண்டி ஓகேவா?" என்று கேட்பார்.

"எம்ப்டில ஓகேம்மா. லோடுல இன்னும் பாக்கல."

"எப்ப பாப்பே?"

"லைன்ல போய் ஒக்காந்தாத்தாம்மா தெரியும்."

"சீக்கிரம் பாத்துச் சொல்லு. அதுவரிக்கும் நான் யாரத் திட்றது?" என்று அலுத்துக்கொண்டு போனை வைத்துவிடுவார்.